டிரங்க் கால் டிக்கெட்டும் கேட் ஆப்பும்

(இம்மாத ஞாயிறு மாலைச் சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளரும் ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டருமான நம் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)



செக்ரெட்டரி சார் என்னிடம் வந்து, "மேடம், டெக்னாலஜி பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்று கேட்டபோது சிரித்துவிட்டேன். இந்தக் கூடத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். நான் இன்னும் மின்சார பில்லைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கிற ஆள். அதற்கு அவர் சொன்ன பதில்: "மூணு மாச ட்ரையல்ல அதிகமா சண்டை போட்டது நீங்கதான். அதனால நீங்களே பேசுங்க." அது நியாயம்தான், வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஜெனரல் பாடி. கேட் ஆப்புக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் போடுவதா என்பது அஜெண்டாவில் ஆறாவதாக இருக்கிறது. பார்க்கிங், தண்ணீர் மீட்டர், லிஃப்ட் ஏஎம்சி எல்லாம் பேசி முடிக்கும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். பசி வேளையில் "ஆப் தானே, சரி" என்று எல்லாரும் கையைத் தூக்கிவிட்டுச் சாப்பிடப் போவோம். நானும் தூக்குவேன். அதனால்தான் வயிறு நிறைந்திருக்கும் இன்றைக்கே பேசிவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் என் பழைய வேலையைப் பற்றிக் கொஞ்சம். 1979-இல் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இங்கே நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டிரங்க் கால் என்றால் என்னவென்றே தெரியாது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேச வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டு புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை உண்டு. குறிப்பிட்ட ஆள் லைனில் வந்தால்தான் பேசுவேன் என்றால் அது பி.பி. கால். நாங்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, போர்டில் கார்டைச் செருகி, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்துவிடுவோம்.

இணைத்த பிறகு நாங்கள் கேட்க நினைத்தால் கேட்கலாம். சாவுச் செய்தி, கல்யாணப் பேச்சு, கடன் தகராறு, காதல் என்று ஊரில் உள்ள அத்தனை ரகசியமும் எங்கள் காது வழியாகத்தான் போனது. ஆனால் வெளியே சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலேயே அதற்குத் தண்டனை இருந்தது, மூன்று வருஷம் வரைக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் சூப்பர்வைசர் அம்மா எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து அதைச் சொன்னார். "உங்க காதுக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு, அது பூட்டியே இருக்கணும்" என்றார்.

ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதுவோம். சின்னக் காகிதம்தான். கூப்பிட்டவர் நம்பர், யாரைக் கூப்பிட்டார், எந்த ஊர், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அதில் இருக்கும். என்ன பேசினார்கள் என்பது இருக்காது. பில் போடுவதற்காக எழுதுவது அது. ஆனால் அந்த டிக்கெட்டை மட்டும் பார்த்தே நாங்கள் நிறையப் புரிந்துகொண்டோம். ஒரு நம்பரிலிருந்து மதுரையில் உள்ள ஒரு நர்சிங் ஹோமுக்கு ஒரே நாளில் நாலு அர்ஜென்ட் கால், அதற்கப்புறம் உறவுக்காரர்கள் இருக்கும் ஐந்து ஊர்களுக்கு வரிசையாக ஐந்து லைட்னிங் கால். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் லைனில் காதைக் கொடுக்க வேண்டியதில்லையே.

அந்த டிக்கெட்டைத்தான் இந்தக் காலத்தில் மெட்டாடேட்டா என்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எல்லாரிடமும் இருக்கும் ஆப்பையே எடுத்துக்கொள்வோம், வாட்ஸ்அப். 2016 ஏப்ரலிலிருந்து அதில் அனுப்பும் செய்தி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டி அனுப்பப்படுகிறது. நடுவில் இருக்கும் கம்பெனியாலும் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிக்கெட்? யாரோடு பேசுகிறோம், எத்தனை தடவை, எந்த நேரத்தில், எந்த போனிலிருந்து என்பதெல்லாம் அந்தப் பூட்டுக்கு வெளியே இருப்பவை. 2014-இல் ஃபேஸ்புக் கம்பெனி வாட்ஸ்அப்பை வாங்கியது. இரண்டு கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்க முடியாது என்று ஐரோப்பிய அதிகாரிகளிடம் அப்போது சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் விதிமுறையை மாற்றி, நம் நம்பர் உள்ளிட்ட விவரங்களை ஃபேஸ்புக்கோடு பகிர ஆரம்பித்தார்கள். தவறான தகவல் கொடுத்ததற்காக 2017-இல் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. நம் நாட்டில், 2021-இல் வந்த "ஒத்துக்கொள், இல்லாவிட்டால் போ" என்ற மாதிரியான புது விதிமுறைக்காக, போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்பீல் என்று அது தொடர்ந்து போனது, அந்த வழக்குக் கதை இப்போது வேண்டாம். நாம் சேர்ந்தபோது இருந்த கம்பெனி வேறு, விதி வேறு. வீட்டு ஓனர் மாறியதும் வாடகை அக்ரிமென்டும் மாறினால் எப்படி இருக்கும்? நாம் காலி செய்யவும் முடியாது, ஏனென்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். நம் அசோசியேஷன் குரூப் உட்பட.

சரி, நம் கேட்டுக்கு வருவோம்.

போன வருஷம் மூன்று மாதம் கேட் ஆப்பை இலவசமாக ஓட்டிப் பார்த்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் மட்டும்தான் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. வந்த பையன் மரியாதையாக, பொறுமையாக டெமோ காட்டினார். நன்மையும் இருந்தது. செக்யூரிட்டி ஒவ்வொரு பார்சலுக்கும் இன்டர்காமில் கூப்பிட்டு, மதியத் தூக்கத்தைக் கெடுப்பது நின்றது. சி பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆப்பில் இருக்கும் அவசரப் பட்டனை அழுத்தி, ஐந்து நிமிஷத்தில் ஆள் போனார்கள். அதை நான் மறக்கவில்லை.

பழைய நோட்டு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. கேட்டில் மேஜைமேல் விரித்துக் கிடக்கும். நம் வீட்டுக்கு வந்தவர் பெயர், செல் நம்பர், வண்டி நம்பர் எல்லாவற்றையும் அடுத்து வருகிற யாரும் படிக்கலாம். நானே என் முறைக்காக நிற்கும்போது படித்திருக்கிறேன். பழைய ஆபரேட்டர் புத்தி.

ஆனால் நோட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தீர்ந்ததும் பரணுக்குப் போகும், கொஞ்ச நாளில் பழைய பேப்பர்காரருக்குப் போகும். யாரும் உட்கார்ந்து, இந்த ஃப்ளாட்டுக்குப் போன வருஷம் முழுக்க யார் யார் வந்தார்கள் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாது. ஆப்பில் அதை அரை நிமிஷத்தில் பார்க்கலாம். நம் கேட்டில் விழும் ஒவ்வொரு பதிவும் ஒரு டிரங்க் கால் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எத்தனை தடவை வந்தார், ரத்தம் எடுக்க லேப் ஆள் எப்போது வந்தார், எந்த வீட்டில் தினமும் வெளிச் சாப்பாடு, எந்த வீட்டுக்குப் பத்து நாளாகப் பால்காரர் வரவில்லை. 184 வீட்டுக் கதை.

ட்ரையலில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஒரு ஃப்ளாட்டில் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். ஓனர் வெளிநாட்டில். ஒரு நாள் ஓனர் போன் செய்து, "ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்க வீட்டுக்கு மூணு பேர் வந்தாங்களே, யாரு?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம். இந்தப் பெண்ணுக்கு அதிர்ச்சி, எப்படித் தெரிந்தது என்று. பார்த்தால், ஃப்ளாட்டின் முதல் கணக்கு ஓனர் பெயரில் இருந்ததால், கேட்டில் வரும் ஒவ்வொரு அறிவிப்பும் கடல் தாண்டி அவருக்கும் போயிருக்கிறது. ஓனர் வேவு பார்க்க நினைத்தவர் இல்லை, போனில் டிங் டிங் என்று வந்தது, கேட்டுவிட்டார். ஆனால் வாடகை கொடுத்து ஒருவர் குடியிருக்கும் வீடு அவருடைய வீடு. அங்கே யார் வருகிறார்கள் என்பது வேறு யாருக்கும் கணக்கு இல்லை. அமைப்பை மாற்றச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதினோம். அப்படி ஒரு அமைப்பே அந்த ஆப்பில் இல்லை என்று பதில் வந்தது.

இன்னொன்று எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. பதினோரு வருஷமாக இந்த வளாகத்தில் வேலை செய்கிறார், ஐந்து வீடுகள். ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார், "அம்மா, நட்சத்திரம்னா என்னம்மா? எனக்கு ரெண்டு நட்சத்திரம்னு வாட்ச்மேன் சொல்றாரு. அது நல்லதா, கெட்டதா?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆப்பைத் திறந்து பார்த்தேன். அவர் போட்டோ, பெயர், எந்தெந்த வீட்டில் வேலை, தினமும் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. அதன் கீழே ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், "ஒழுங்காக வருவதில்லை" என்று ஒரு வரி. நடந்தது என்னவென்றால், மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா என்று நாலு நாள் லீவு எடுத்தார். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு வீட்டில் மட்டும் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. அவர்கள் கோபத்தில் போட்ட நட்சத்திரம் அது. டி பிளாக்கில் புதிதாகக் குடிவந்தவர்கள் இவரைத்தான் வேலைக்கு வைப்பதாக இருந்தார்கள். ஆப்பைப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வருமானம் போனது.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்கிட்ட யாரும் கேக்கலையேம்மா?"

உண்மைதான். போட்டோ எடுக்கும்போது கேட்டில் நிற்க வைத்து எடுத்தார்கள். ஆதார் நகலைக் கொடு, இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அவருக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது, பதில் எழுத முடியாது, நமக்கு நட்சத்திரம் போட முடியாது. போட முடிந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பது வேறு விஷயம்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். போட்டவர்தான் எடுக்க முடியும் என்று பதில். போட்டவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். அவருக்கும் வருத்தம்தான். ஏதோ ஓட்டல் சாப்பாட்டுக்குப் போடுகிற மாதிரி கைபோன போக்கில் போட்டுவிட்டதாகச் சொன்னார், உடனே எடுத்தும்விட்டார். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இதைச் சொல்லலாம் என்று அவர்தான் எனக்குத் தைரியம் கொடுத்தார். ஆனால் டி பிளாக் வேலை திரும்ப வரவில்லை.

இந்த இடத்தில் ஏ பிளாக் தம்பி ஒருவர் கை தூக்குகிறார்.

(கேள்வி: வேலைக்கு ஆள் வைக்கும்போது விசாரிப்பது நம் உரிமை இல்லையா?)

உரிமைதான் தம்பி, தாராளமாக விசாரியுங்கள். முன்பு நாம் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்போம். அவர் "லீவு கொஞ்சம் எடுப்பா, ஆனா கை சுத்தம், சமையல்கட்டை நம்பி விட்டுட்டுப் போகலாம்" என்பார். அந்த மாமியின் குணமும் நமக்குத் தெரியும், அதைக் கழித்துக்கொண்டு கேட்போம். நட்சத்திரத்தில் அந்தக் கழிவு இல்லை. வேலைக்கு வருபவருக்கும் தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று போய்க் கேட்க ஒரு கதவு இருந்தது.

இனி, நாம் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவது பற்றி. இந்த மாதிரி விஷயங்களில் உள்ளே போகும் வழி அகலம், வெளியே வரும் வழி குறுகல். கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அது கிடையாது, எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான், மேலே வேண்டுமென்றால் மாதக் கட்டணம். அதற்குள் பேரப்பிள்ளைகள் படம் பல்லாயிரம் உள்ளே போய்விட்டது, எங்கே போவோம்? அமேசான் கதை இன்னும் விசித்திரம். 2009-இல், உரிமைத் தகராறு என்று, கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியிருந்த ஒரு புத்தகத்தை வாங்கியவர்களின் கருவியிலிருந்தே ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு பள்ளி மாணவர் அந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனில்லாமல் போய்விட்டன, அவர் வழக்குப் போட்டார். அழிக்கப்பட்ட புத்தகம் எது தெரியுமா? எல்லாரையும் எப்போதும் கண்காணிக்கும் அரசாங்கத்தைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. நான் ஜோடிக்கவில்லை.

நம் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது, புதியதைப் போட அந்தப் பெட்டிக்குத் தகுதி இல்லையாம். டிரஷரர் சார் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இதை ஏன் சொல்கிறேனென்றால், கேட் ஆப்போடு மெயின்டனன்ஸ் பில், கணக்கு, புகார்ப் பதிவு எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்கிறது. முதல் வருஷம் கட்டணம் கிடையாது என்கிறது. இலவசம் என்றால் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? ட்ரையலில் பால்காரரை உள்ளே விட ஆப்பைத் திறந்தால், முதலில் இன்ஷூரன்ஸ் விளம்பரம், அதை மூடினால் ஹோம் லோன். "அனுமதி" என்ற பட்டன் பச்சையாக, கட்டைவிரல் அளவுக்கு. "இப்போது வேண்டாம்" என்பது சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி. இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகளை நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது, மொத்தம் 13 வகை. அவசரம் காட்டிப் பதற வைப்பது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் சுற்ற விடுவது எல்லாம் அதில் உண்டு. உங்களுக்கு அப்படி எந்த ஆப்பில் நடந்தாலும் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம். பணமே பறிபோனால் அது 1930, சைபர் குற்ற எண். இரண்டையும் நோட்டீஸ் போர்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சட்டம். தூங்கிவிடாதீர்கள், இரண்டு நிமிஷம்தான். 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. அதற்குப் பிறகு வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது நாம் போடப்போகும் மூன்று வருஷ ஒப்பந்தத்தின் நடுவிலேயே அது நடைமுறைக்கு வந்துவிடும்.

கமிட்டி கவனிக்க வேண்டியது இது. அந்தச் சட்டத்தில், எதற்காக, எப்படித் தகவல் சேர்ப்பது என்று யார் தீர்மானிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் பொறுப்பு. "நபர்" என்பதில் சங்கங்களும் அடங்கும், பதிவு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும். நாம்தான் ஆப் வேண்டும் என்று தீர்மானிக்கிறோம், எனவே பொறுப்பு நம்முடையது. கம்பெனி நமக்காக வேலை செய்யும் இடம். தகவல் கசிந்தால், "அது ஆப்காரங்க தப்பு சார்" என்று கை கழுவ முடியாது. பாதுகாப்பு இல்லாமல் விட்டதற்கான அபராதத்தின் மேல்வரம்பு 250 கோடி. நம்மிடம் அவ்வளவு வசூலிப்பார்கள் என்று பயமுறுத்தவில்லை, நம் சிங்கிங் ஃபண்டு எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வேடிக்கை என்னவென்றால், கேட் நோட்டு காகிதத்தில் இருக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. டிஜிட்டல் ஆனவுடன் தொடும்.

சம்மதம் என்றால் என்னவென்றும் அதில் எழுதியிருக்கிறது. தாமாக முன்வந்து, எதற்கென்று தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுப்பது. கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதையும் சரிபார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும்போது ஆப்பில் பதிவாவதை நினைத்துப் பாருங்கள். "ஆதார் கொடு, இல்லாவிட்டால் உள்ளே வராதே" என்று கேட்டில் சொல்வதற்குப் பெயர் சம்மதமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

(கேள்வி: அப்படியானால் ஆப்பே வேண்டாம் என்கிறீர்களா?)

இல்லை. வழுக்கி விழுந்த பெரியவரை நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்படி வேண்டும் என்று நாம் சொல்லி வாங்க வேண்டும் என்கிறேன். தச்சரிடம் அலமாரி செய்யச் சொன்னால் எத்தனை தட்டு, எத்தனை அடி என்று சொல்கிறோமா இல்லையா?

வேலை செய்பவர்களுக்கு நட்சத்திரம் கூடாது, அவர்கள் உள்ளே வெளியே போகும் நேரம் அவரவர் வேலை செய்யும் வீட்டுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். இப்போது ஐந்து வீட்டுக்கும் தெரிகிறது, எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கணக்குப் பார்த்து ஒருவர் சண்டைக்கே போயிருக்கிறார். வாடகைக்கு விட்ட வீட்டின் வருகைப் பதிவு ஓனருக்குப் போகக் கூடாது. வந்துபோனவர்கள் விவரம் முப்பது நாளில் அழிய வேண்டும், திருட்டு, விபத்து என்று கேஸ் இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் கூடாது, அதற்காக வீட்டுக்கு மாதம் பத்து இருபது ரூபாய் கூட ஆனால் கொடுத்துவிடலாம், இதில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். ஆப் வேண்டாம் என்பவர்களுக்கு இன்டர்காம் தொடர வேண்டும், எண்பது வயதான என் அக்கா கேட்டில் நின்று போட்டோவுக்கு முகம் காட்ட மாட்டேன் என்கிறாள், அவளைத் திருப்பி அனுப்பவா முடியும்? கடைசியாக, விலகும்போது நம் கணக்கு முழுவதையும் வேறு எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கக்கூடிய ஃபைலாகக் கொடுக்க வேண்டும். பிடிஎஃப் கட்டு வேண்டாம். நம் பழைய கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து வெளியே வந்தபோது இளைஞர்கள் இரண்டு பேர் தீபாவளி லீவில் உட்கார்ந்து ஏழு வருஷக் கணக்கைக் கையால் தட்டினார்களே, அது போதும்.

ஆதார் விஷயம் தனியாக. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கிய முழு நகல்களைக் கம்பெனி அழித்துவிட்டு எழுத்தில் தர வேண்டும். வேலை செய்பவர்களுக்கு அதை இறக்கிக் கொடுக்க பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். ஓடிபி வரும், கவனம், அதை அவர்கள் போனிலேயே அவர்கள் கண்முன்னால் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

(கேள்வி: இதெல்லாம் கேட்டால் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா? பெரிய கம்பெனி, நமக்காக ஆப்பை மாற்றுவார்களா?)

நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம் டிரஷரர் சாரும் நானும் சேர்ந்து இந்த ஆறு விஷயத்தையும் எழுதி அனுப்பினோம். நட்சத்திரத்தை நம் வளாகத்துக்கு மட்டும் அணைத்து வைக்க முடியுமாம். இத்தனை நாள் அந்த ஸ்விட்ச் அவர்களிடம் இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. இன்டர்காம் தொடர்வதற்கும், கணக்கை ஃபைலாகக் கொடுப்பதற்கும் சரி என்றார்கள். ஓனர் கணக்கு விஷயம் "பரிசீலனையில்". முப்பது நாளில் அழிப்பதற்கும் விளம்பரத்துக்கும் முடியாது என்றார்கள். இதே வேலை செய்கிற வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் அதே கடிதம் போயிருக்கிறது, ஜெனரல் பாடிக்குள் பதில் வந்துவிடும். வராவிட்டால் ஆறாவது ஐட்டத்தைத் தள்ளிவைக்க நான் தீர்மானம் கொண்டுவருவேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். அங்கே ஒரு கை, சரி, இரண்டு கை.

கடிதத்தின் நகல் ஆபீஸில் இருக்கிறது. தமிழிலும் எழுதியிருக்கிறோம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஜெனரேட்டர் ரூம் பக்கத்து வேப்பமர நிழலில், இங்கே வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அதைப் படித்துக் காட்டப் போகிறேன். அவர்களைப் பற்றிய தகவல், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் எழுதிக்கொண்டு ஜெனரல் பாடிக்கு வர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் வீட்டிலும் வேலை இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இதற்காக யாரும் நட்சத்திரம் குறைக்காதீர்கள்.

சுண்டல் ரெடி என்று பின்னால் சைகை காட்டுகிறார்கள். வணக்கம்.